ஏரியல் கம்பியும் எதிர்வீட்டுக்காரரும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை படிக்கிறவர்கள் ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள். மற்ற நாளில் படிக்கிறவர்கள் மேனேஜர் பார்க்காத நேரமாகப் படியுங்கள் :-)

டிஸ்கி: நான் பி.காம். ஓம்ஸ் விதி எல்லாம் பத்தாம் வகுப்போடு போய்விட்டது. எனக்குத் தெரிந்தது பத்திரம், வில்லங்கம், அடமானம். ரேடியோ விஷயத்தில் தப்பு இருந்தால் தலையில் குட்டாமல் திருத்தவும்.

போன வாரம் எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் கமிட்டி கூட்டம். புனேக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருடம் ஆகிறது. பேங்க்காரன் என்ற ஒரே தகுதிக்காகப் பொருளாளர் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். வழக்கமான சண்டைகள் (தண்ணீர் டேங்கர், பார்க்கிங், மூன்றாவது மாடி நாய்) முடிந்த பிறகு, நான்காவது மாடி மராத்திக் குடும்பத்துப் பையன் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஹாம் ரேடியோ பரீட்சை எழுதி மத்திய அரசின் லைசென்ஸும் வாங்கிவிட்டான். மொட்டை மாடியில் இரண்டு குழாய் நட்டு, நடுவில் 20 மீட்டர் செம்புக் கம்பி ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டுமாம். அவ்வளவுதான் கோரிக்கை.

பார்க்க நன்றாக இருக்காது என்றார் ஒருவர். இடி விழும் என்றார் இன்னொருவர். இன்றைக்கு இவனுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார் செகரட்டரி. கை தூக்கச் சொன்னார்கள். ஏழு பேரில் ஏழு பேரும் எதிர்த்துத் தூக்கினோம். ஆமாம், நானும்தான். வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது, அதுதான் காரணம். பையன் "ஓகே அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கமணி கேட்டாள்: "அதே மொட்டை மாடியில செல்போன் கம்பெனிக்காரன் அத்தனை பெரிய டவர் வெச்சிருக்கானே, அது மட்டும் பார்க்க நல்லா இருக்கா?" அந்த டவருக்கு மாதா மாதம் வரும் வாடகையைக் கணக்கில் எழுதுகிறவனே நான்தான். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

இந்தச் சண்டை அமெரிக்காவில் ரொம்ப காலமாக நடக்கிறது. நகராட்சி, நீதிமன்றம், பாராளுமன்றம் என்று எல்லாப் படியும் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் அதன் சட்ட வேர் லண்டனில் இருக்கிறது. அங்கேயே தொடங்குகிறேன்.

1808ல் டல்க் என்பவர் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே இருந்த தோட்டத்தை விற்றார். பத்திரத்தில் ஒரு ஷரத்து வைத்தார்: இது தோட்டமாகவே இருக்க வேண்டும், கட்டடம் கட்டக் கூடாது. தோட்டம் கைமாறிக் கைமாறி மாக்ஸ்ஹே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அந்த ஷரத்து இல்லை. ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கட்டடம் கட்டக் கிளம்பினார். 1848ல் தீர்ப்பு வந்தது: தெரிந்து வாங்கியவனை அந்த நிபந்தனை கட்டும். ஒப்பந்தம் போட்ட இருவரோடு முடிந்துபோக வேண்டிய வாக்கு, அன்றைக்கு மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

நம் ஊர் 1882ஆம் வருட சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் 40வது பிரிவு இதன் தம்பிதான். வீட்டுக் கடன் ஃபைலில் பத்திரம் பார்க்கும்போது "இவ்விடத்தில் இன்னது செய்யக் கூடாது" என்று ஒரு வரி கண்ணில் பட்டால் லீகல் ஒப்பீனியனுக்கு அனுப்புவோமே, அது இதற்காகத்தான்.

இனி அமெரிக்கா. 1901 டிசம்பரில் மார்க்கோனி நியூஃபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலைக் கேட்டதாக அறிவித்தார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் பையன்கள் வீட்டுக்கு வீடு கம்பி கட்ட ஆரம்பித்தார்கள். லைசென்ஸ் கிடையாது, விதி கிடையாது. கடற்படைக்காரர்களுக்குத் தலைவலி. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அதே வருடம் ரேடியோ சட்டம் வந்தது. அமெச்சூர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும், 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைத் தொடக் கூடாது என்றார்கள். அதற்குக் கீழே இருக்கும் அலைகள் தூரம் போகாது, உதவாது என்பது அன்றைய எண்ணம். ஊருக்கு வெளியே தரிசு நிலத்தை ஒதுக்கிக் கொடுப்பது போல.

1914ல் ஹிராம் பெர்சி மாக்சிமும் கிளாரன்ஸ் டஸ்காவும் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் அமெச்சூர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஏஆர்ஆர்எல் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். (இந்த மாக்சிமின் அப்பாதான் இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்தவர். மகன் நல்ல வழியில் போயிருக்கிறார்.) 1921 டிசம்பரில் கனெக்டிகட்டிலிருந்து அமெச்சூர்கள் அனுப்பிய சிக்னலை, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த பால் காட்லி கேட்டார். 1923 நவம்பரில் ஃப்ரெட் ஷ்னெலும் ஃபிரான்ஸ் நாட்டின் லியோன் டெலாயும் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பரஸ்பரம் பேசிக்கொண்டார்கள். அலைநீளம் சுமார் 100 மீட்டர். தரிசு என்று கொடுத்த நிலத்தில் பொன் விளைந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். ஆகாயத்தைப் பயன்படுத்த உரிமை கொடுப்பது மத்திய அரசு. ஆனால் கம்பி கட்டும் கம்பம் நிற்பது மண்ணில். அந்த மண்ணுக்கு விதி போடுவது நகராட்சி. 1926ல் யூக்ளிட் என்ற ஓஹையோ மாநிலக் கிராமத்தின் வழக்கில், எந்தப் பகுதியில் என்ன கட்டலாம், எவ்வளவு உயரம் என்று ஊராட்சி விதி போடுவது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியிருப்புப் பகுதியில் 35 அடிக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கமான வரம்பு.

வரம்பில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆபீஸில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்து கிளார்க்காக உட்கார்ந்திருக்கும் தம்பி விளக்கினான். 7 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 40 மீட்டர். கிடையாகக் கட்டிய கம்பி, தரையிலிருந்து அலைநீளத்தில் பாதி உயரத்திலாவது இருந்தால்தான் அலை தாழ்வான கோணத்தில் கிளம்பி வெகுதூரம் போகும். அதாவது 20 மீட்டர், சுமார் 66 அடி. கீழே கட்டினால் பெரும்பாலும் செங்குத்தாக மேலே போய்ப் பக்கத்து மாவட்டத்தில் இறங்கும். உயரம் என்பது ஹாம்களுக்கு ஆடம்பரம் இல்லை, அதுதான் விஷயமே.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு நியாயம் உண்டு. 1950களில் வீட்டுக்கு வீடு டிவி வந்தபோது, பக்கத்து வீட்டு ஹாம் பேச ஆரம்பித்தால் டிவியில் கோடு கோடாக ஓடியது. பல நேரம் குற்றம் மலிவாகச் செய்த டிவி பெட்டியின் மேல்தான் இருந்தது. ஆனால் ரசித்துப் பார்க்கும் நேரத்தில் படம் கெட்டால் யார் சர்க்யூட்டைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? கண்ணுக்குத் தெரிந்தது கோபுரம். கோபம் கோபுரத்தின் மேல். 1982ல் வந்த சட்டத் திருத்தம் இந்த இடையூறு விவகாரத்தை மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் கையில் கொடுத்தது. அதற்குப் பின்னால் நின்றவர் செனட்டர் பாரி கோல்ட்வாட்டர். 1964ல் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். கே7யூஜிஏ என்ற அழைப்புக் குறி வைத்திருந்த ஹாம். வியட்நாமில் இருந்த சிப்பாய்களை வீட்டாரோடு பேசவைக்க அவர் வீட்டு ரேடியோ நிலையம் பயன்பட்டது.

1984 ஜூலையில் ஏஆர்ஆர்எல் எஃப்சிசியிடம் மனு போட்டது. லைசென்ஸ் நீங்கள் கொடுக்கிறீர்கள், கம்பத்தை ஊராட்சி தடுக்கிறது, இது என்ன நியாயம் என்று. 1985 செப்டம்பரில் பிஆர்பி-1 என்ற உத்தரவு வந்தது. அதன் சாரம் இரண்டே விஷயம். ஊராட்சி விதி ஹாம் தொடர்புக்கு நியாயமாக இடம் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு, அழகு போன்ற நோக்கத்துக்காகக் கட்டுப்பாடு போடலாம், ஆனால் அந்த நோக்கத்துக்கு எவ்வளவு குறைவாகக் கட்டுப்படுத்த முடியுமோ அவ்வளவுதான் போட வேண்டும். இத்தனை அடி என்று கணக்கு எதுவும் சொல்லவில்லை. சில மாநிலங்கள் பிறகு தாங்களே எண் போட்டுக்கொண்டன. உதாரணமாக வர்ஜீனியாவில் மக்கள் நெருக்கம் உள்ள பகுதியில் 75 அடி வரை, நெருக்கம் குறைந்த பகுதியில் 200 அடி வரை ஊராட்சி உயரத்தைக் குறைக்க முடியாது.

மினசோட்டாவின் மெண்டோட்டா ஹைட்ஸ் ஊரில் ஒரு பெண்மணி 68 அடி கம்பத்துக்கு அனுமதி கேட்டார். ஊர்க் கவுன்சில் மறுத்தது. 1994ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெறுமனே "பார்த்தோம், வேண்டாம்" என்று சொல்வது இடம் கொடுப்பது ஆகாது, உட்கார்ந்து பேசி ஒரு சமரசத்துக்கு முயற்சி செய்திருக்க வேண்டும் என்றது. படித்தபோது எங்கள் கமிட்டிக் கூட்டம் ஞாபகம் வந்தது. நாங்கள் அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆனால் பிஆர்பி-1ல் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அது ஊராட்சியைத்தான் கட்டும். வீடு வாங்கும்போது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட நிபந்தனை தனியாருக்கு இடையிலான ஒப்பந்தம், அதில் நாங்கள் தலையிடுவதில்லை என்று எஃப்சிசி கைகழுவிவிட்டது. இங்கேதான் டல்க் தாத்தா மறுபடி வருகிறார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கல்ஸ் என்ற மனை வியாபாரி, தான் விற்ற மனைகளுக்கெல்லாம் நீளமான நிபந்தனைப் பட்டியல் சேர்த்தார். காலம் முடிந்தாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும் நிபந்தனைகள். 1947ல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் எழுந்தபோது, வேலி போடக் கூடாது, புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும், துணியை இப்படித்தான் காயப்போட வேண்டும் என்று விதிகள் வந்தன. (நம் சொசைட்டி நோட்டீஸ் போர்டு ஞாபகம் வருகிறதா? "மொட்டை மாடியில் வடாம் காயவைக்கத் தடை." மூன்று தமிழ்க் குடும்பத்தைக் குறிவைத்து ஒரு நோட்டீஸ்!) அதே பட்டியல்களில் இன்னொன்றும் இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது. செயின்ட் லூயிஸ் நகரில் அப்படிப்பட்ட ஒரு பத்திர நிபந்தனையை வைத்து ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பத்தை வெளியேற்றப் பார்த்தார்கள். 1948ல் உச்ச நீதிமன்றம், இனத்தை வைத்து ஒதுக்கும் இத்தகைய நிபந்தனையை நிறைவேற்றித்தர நீதிமன்றங்கள் உதவக் கூடாது என்றது.

ஒரு கம்பியையும் அந்தக் கொடுமையையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. வைத்தால் பாவம். "தனியார் ஒப்பந்தம், அரசுக்கு என்ன வேலை" என்ற வாதம் எப்போதும் முழு உண்மை இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். எந்த ஒப்பந்தமும் கடைசியில் நீதிமன்றத்தின் கையால்தான் உயிர் பெறுகிறது.

வீட்டு உரிமையாளர் சங்கங்கள் 1970ல் அமெரிக்கா முழுக்க சுமார் 10,000 இருந்தன. இன்றைக்கு 3,50,000க்கும் மேல் என்கிறது அந்தச் சங்கங்களின் கூட்டமைப்பான சிஏஐ. ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அவற்றுக்குள் வாழ்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு இடத்தில் வாங்கிக்கொள் என்பது சொல்ல எளிது. புதிதாகக் கட்டும் பேட்டையெல்லாம் சங்கத்தோடுதான் வருகிறது என்றால் அந்த "வேறு இடம்" சுருங்கிக்கொண்டே போகிறது.

இனி வருவது என்னை உண்மையிலேயே உறுத்திய பகுதி. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 207வது பிரிவைத் தொடர்ந்து எஃப்சிசி ஒரு விதி போட்டது: ஒரு மீட்டர் விட்டத்துக்குள் இருக்கும் டிவி டிஷ்ஷை எந்த வீட்டுச் சங்கமும் தடை செய்ய முடியாது. 1999ல் வாடகைக்குக் குடியிருப்பவரின் சொந்த பால்கனிக்கும் அது நீண்டது. தனியார் ஒப்பந்தத்தில் தலையிட மாட்டோம் என்ற கொள்கை என்ன ஆயிற்று? டிஷ்ஷுக்குப் பின்னால் சந்தாப் பணம் கட்டும் ஒரு பெரிய வியாபாரம் இருந்தது. ஹாமுக்குப் பின்னால் யாரும் இல்லை. சட்டப்படியே அவன் ரேடியோவை வைத்துக் காசு சம்பாதிக்கக் கூடாது. 2006ல் தேசியக் கொடிக்கும் ஒரு சட்டம் வந்தது: வீட்டில் கொடி பறக்கவிடுவதைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று.

எங்களுக்கும் கொடுங்கள் என்று ஏஆர்ஆர்எல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாராளுமன்றம் சொல்லாமல் செய்ய மாட்டோம் என்று 2001ல் எஃப்சிசி முடித்துவிட்டது. 2012ல் பாராளுமன்றமே ஓர் ஆய்வு கேட்டது. புதுச் சட்டம் தேவை என்று தோன்றவில்லை என்று எஃப்சிசி பதில் கொடுத்தது. பிறகு சிஏஐயோடு உட்கார்ந்து பேசி, சங்கத்தின் முன் அனுமதியோடு பயனுள்ள ஒரு வெளிப்புற ஆன்டெனாவாவது வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமரச மசோதா. கீழ்ச்சபையில் 2016 செப்டம்பரிலும் 2017 ஜனவரியிலும் நிறைவேறியது. செனட்டில் ஃபுளோரிடாவின் பில் நெல்சன் ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோனது. முன் அனுமதி கேட்பது இருந்த உரிமையையும் விட்டுக்கொடுப்பது என்று ஹாம்களிலேயே ஒரு சாரார் சண்டை போட்டார்கள். 2023லும் 2025லும் புதிய மசோதாக்கள் வந்தன.

நடுவில் ஹாம்கள் என்ன செய்தார்கள்? ஒளித்தார்கள். பரணுக்குள் கம்பி. மழைநீர்க் குழாயே ஆன்டெனா. இதில் எனக்குப் பிடித்தது கொடிக்கம்பம். வெளியே பார்த்தால் தேசபக்தி, உள்ளே பார்த்தால் ஆன்டெனா! கொடிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கம்பிக்கு இல்லை. அதனால் கொடியின் நிழலில் கம்பி வாழ்கிறது.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2001 ஜனவரி 26 அன்று புஜ் பூகம்பத்தில் தொலைபேசி எல்லாம் விழுந்தபோது, ஹாம்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தகவல் தொடர்புக்கு உதவினார்கள். 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ இயக்க அனுமதி வாங்கி, பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. பொழுதுபோக்காகத்தான். 26ஆம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்கு நின்றது. தீவுகளில் இருந்தவர்கள் பிழைத்திருக்கிறார்களா என்று முக்கிய நிலத்தில் தவித்தவர்களுக்குச் செய்தி அந்த ஆன்டெனா வழியாகப் போனது. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனால் பூகம்பம் வந்த பிறகு கம்பி கட்ட அனுமதி கேட்க முடியாது. முன்னாலேயே கட்டி, பேசிப் பழகியிருந்தால்தான் அன்றைக்கு உதவும். செல்போன் டவருக்கு வாடகை வருகிறது, அதனால் அதன் பயன் என் கணக்குப் புத்தகத்தில் தெரிகிறது. இந்தக் கம்பியின் பயனை எழுத என் லெட்ஜரில் பத்தி இல்லை. அதனால் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். கணக்குப் படித்தவன் செய்யக் கூடாத தப்பு.

எங்கள் பைலாவை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆன்டெனா என்ற சொல்லே இல்லை. பொது இடத்தைக் கமிட்டி அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். அதாவது தடுத்தது விதி இல்லை, நாங்கள் ஏழு பேர்.

நேற்று மாலை லிஃப்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். இடிக்கு என்ன செய்வாய்? குழாயை எர்த் செய்துவிட்டு, மழை வந்தால் கேபிளைக் கழற்றிவிடுவேன் என்றான். டிவியில் கோடு விழுந்தால்? அன்றைக்கே நிறுத்திவிட்டுச் சரி செய்வேன், எழுதித் தருகிறேன் அங்கிள் என்றான். வீட்டை விற்றுக்கொண்டு போனால்? அவிழ்த்துக்கொண்டு போய்விடுவேன் என்றான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்று காலை செகரட்டரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுக்க வேண்டும், நான் போன தடவை தூக்கிய கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று. பையன் சொன்னதையெல்லாம் நிபந்தனையாகக் கீழே எழுதியிருக்கிறேன். செகரட்டரி வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பார்க்கலாம் சாஹேப்" என்றார். மற்ற ஐந்து பேரிடமும் இந்த வாரம் வீடு வீடாகப் போக வேண்டும்.

"கடிதத்துல வடாமையும் சேர்த்தீங்களா?" என்று கேட்டாள் தங்கமணி. இல்லை. அது தனி மனு.

உங்கள் சொசைட்டியில் இப்படி யாராவது கேட்டு, நீங்களும் கை தூக்கியிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.